அண்ணன் சொன்ன ‘சரிங்க’

இந்த ஆவணியோடு அண்ணன் இல்லாத முதல் வருடம் முடிகிறது. திதிக்கு வந்திருக்கும் உறவினர்களும் நண்பர்களும் வீடு திரும்பும்போது கையில் கொண்டுபோக இந்தச் சிறு மலரை அச்சிட்டிருக்கிறோம். அண்ணனைப் பற்றி நான்கு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி அண்ணி கேட்டார்கள். நல்ல வார்த்தை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் தபால் அலுவலகத்தில் இருபது வருடமாகத் தேதி முத்திரை குத்திப் பழகிய கை, நடந்ததை நடந்த வரிசையில் எழுதினால்தான் ஓய்கிறது. கசப்பு தெரிந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் 1952 ஆடி மாதம் பெரியநாயக்கன்பாளையத்தில் பிறந்தார். அப்பா ஒரு சிறு வார்ப்படப் பட்டறையில் வேலை பார்த்தார். 1968இல் அப்பா காலமானபோது அண்ணன் பள்ளி இறுதி வகுப்பில் இருந்தார், நான் ஆறாவது. அம்மா நூல் மில்லுக்குப் போகத் தொடங்கினார்கள். அண்ணன் தேறிய மதிப்பெண்களைப் பார்த்த தலைமையாசிரியர் வீட்டுக்கே வந்து, மேலே படிக்க வையுங்கள் என்று கேட்டார். அண்ணன்தான் பதில் சொன்னார்: “தங்கச்சி படிக்கட்டுங்க சார். எனக்கு மனுசங்களப் பாத்துட்டே இருக்கற வேலையா இருந்தாப் போதும்.” பதினாறு வயதில் அப்படி ஒரு வேலையைக் கேட்டவரை நான் வேறு பார்த்ததில்லை.

1970 தை மாதம் அந்த வேலை அவருக்குக் கிடைத்தது. காந்திபுரம் பஸ் நிலையத்துக்கு எதிரே, மாடியில் லாட்ஜும் கீழே சாப்பாட்டுக் கூடமுமாக இருந்த ஓட்டலில் சப்ளையராகச் சேர்ந்தார். ஓட்டலின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும்; தெரியாதவர்களுக்கு இனி அது தேவையும் இல்லை.

அங்கே ஒவ்வொரு சப்ளையருக்கும் ஒரு மேசை வரிசை. வருடக்கணக்கில் அது மாறாது. அண்ணனுக்கு ஜன்னல் வரிசை. வாடிக்கையாளர் உட்கார்ந்ததும் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று அவர் கேட்கமாட்டார். “எந்த பஸ்ஸுங்க?” என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. சத்தியமங்கலம் பஸ் என்றால் பத்து நிமிடம் இருக்கிறது, ரோஸ்ட் சொல்லலாம். மேட்டுப்பாளையம் பஸ் என்றால் இட்லிதான், அதுவும் சட்டென்று. தெற்கே தொலைதூரம் போகிறவர் என்றால், “வழியில எங்கியும் நல்லாருக்காதுங்க, வயித்துக்குத் தாங்கறாப்பல சாப்புட்டுக்குங்க” என்பார். எதிரே பஸ்கள் புறப்படும் நேரம் முழுவதும் அவருக்கு மனப்பாடம். அந்த வரிசையில் சாப்பிட்டு யாரும் பஸ்ஸைத் தவறவிட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. 1984இல் கூடம் முழுவதற்கும் மேற்பார்வையாளர் ஆனார். ஆனபிறகும் ஜன்னல் வரிசையை விடவில்லை.

அந்தக் காலத்து முதலாளியை நான் தெய்வமாக்க வரவில்லை. கோபம் வந்தால் டபராவை எறிவார். தீபாவளித் துணி தீபாவளிக்கு முந்தின நாள்தான் வரும். ஆனால் காலைக் கூட்டம் ஓய்ந்ததும் பதினோரு மணிக்குச் சமையற்கட்டுக்குப் பின்னால் பெஞ்சில் வேலையாட்களோடு உட்கார்ந்து, வாடிக்கையாளருக்குப் போன அதே சாம்பாரைத்தான் சாப்பிடுவார். சொல்ல வேண்டியதை எல்லோரும் அங்கேதான் சொல்வார்கள். ஒருநாள் அண்ணன் சொன்னதை அவரோடு ஜன்னல் வரிசைக்கு அடுத்த வரிசையில் வேலை செய்த காதர் பாய் இன்றும் நடித்துக் காட்டுவார்.

“ஏனுங் மொதலாளி, இந்தச் சட்னிய நீங்களே ரெண்டாந் தடவ கேக்கலீங்க. கஸ்டமர் எப்படிங்க கேப்பாரு?”

“வாயப் பாரு இவனுக்கு! நீ என்ன பண்ணுன?”

“சாம்பார் ஊத்திக்குங்கன்னு சொல்லிப்போட்டனுங்க.”

“செரியாப் பண்ணுன. நல்லா இல்லீன்னா வேண்டாம்னு நீயே சொல்லிப்போடு. இன்னைக்கு ஒரு தோச கொறஞ்சாலும் ஆளு நாளைக்கு வருவான். அரைச்சவனக் கூப்புடு இங்க.”

இது அந்த ஓட்டலின் எழுதப்படாத விதி. சரியில்லாததை வேண்டாம் என்று சப்ளையரே சொல்லலாம். இருபத்திரண்டு வருடம் அண்ணன் அப்படித்தான் வேலை செய்தார். காய்ச்சலோடு போவார், போகாதே என்று அம்மா கத்தினால், “என்ற வரிசைக்கு வாரவீங்க எங்க போவாங்க?” என்பார். ‘என்ற வரிசை’, அதாவது என்னுடைய வரிசை என்று அவர் சொல்லும் விதத்தில், அது பட்டாப் போட்ட நிலம் போலத் தோன்றும்.

1992இல் முதலாளி காலமானார். மகன் பொறுப்பேற்றார். மாடியில் குளிர்சாதன அறைகள், வாசலில் கண்ணாடிக் கதவு எல்லாம் வந்தன. 1993 ஜனவரியில் பர்சனல் மேனேஜர் என்று ஒருவர் வந்தார். வெளியூர்க்காரர், தமிழர்தான். படித்தவர், அதிர்ந்து பேசாதவர். யாரையும் அவன் இவன் என்று அவர் சொன்னதில்லை. இதையும் எழுதாவிட்டால் நியாயமாகாது.

அவர் முதலில் வரிசைகளை மாற்றினார். வாராவாரம் ஆளுக்கொரு வரிசை, சுழற்சி முறை. அடுத்து, மேசையில் கருத்துச் சீட்டு வைத்தார். சாப்பிட்டவர் மதிப்பெண் போடலாம். அந்த மதிப்பெண்ணைக் கூட்டி மாதம் ஒருவரின் புகைப்படத்தைக் கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் மாட்டினார். பேசவேண்டிய வாக்கியங்களையும் அச்சிட்டுக் கொடுத்தார். “வணக்கம், தங்களை வரவேற்கிறோம்” என்பது முதல் வாக்கியம். எந்த பஸ் என்று கேட்கக் கூடாது. அது வாடிக்கையாளரின் சொந்த விஷயம். பதினோரு மணிப் பெஞ்சை எடுத்துவிட்டு, குறைகளை எழுதிப் போட ஒரு பூட்டிய பெட்டி வைத்தார். சாவி அவரிடம்.

முதல் மாதமே அண்ணனின் படம் சுவரில் ஏறியது. காதர் பாய் சும்மா இருப்பாரா?

“என்னுங்கண்ணா, படத்துல மாட்டிப்போட்டாங்க. மாலை எப்பங்க போடறாங்க?”

“நீதான் வாங்கியாரணும் பாய். மல்லி வேண்டாம், எனக்குத் தும்மல் வரும்.”

அன்று வீட்டுக்கு வந்து இதைச் சொல்லி அண்ணன் சிரித்தார். இரண்டு மூன்று மாதத்தில் சிரிப்பு போய்விட்டது. மதிப்பெண்ணுக்காகச் சப்ளையர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் சட்னிப் பாத்திரத்தை ஒளித்துவைக்கத் தொடங்கினார்கள். நல்ல தம்ளராகப் பொறுக்கி மேசைக்கு அடியில் வைத்துக்கொள்வார்கள். பக்கத்து வரிசையில் தண்ணீர் கேட்டால் காது கேட்காது. முன்பெல்லாம் யாராவது வரவில்லையென்றால் அந்த வரிசையை மற்றவர்கள் பங்கிட்டுக்கொள்வார்கள். இப்போது அது வேறொருவரின் மதிப்பெண். மேற்பார்வையாளர் என்ற முறையில் அண்ணன் தினமும் தீர்த்துவைத்த சண்டைகளை என் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறேன். அவற்றில் பாதி தம்ளர் சண்டை.

எனக்கு அப்போது ஒரு சந்தேகம். குறை அண்ணனிடம் இருக்குமோ, பழகிய வழியை விடமுடியாமல் முரண்டு பிடிக்கிறாரோ என்று. நூலகத்திலிருந்து நிர்வாகவியல் புத்தகங்களை எடுத்துவந்து படித்தேன். பணியாளருக்கு வேலையில் பிடிப்பு உண்டாக என்ன செய்ய வேண்டும் என்று அதிகாரம் அதிகாரமாக இருந்தது. பாராட்டு, பயிற்சி, பணிச்சுழற்சி, குறைகேட்பு. அந்த மேனேஜர் செய்த ஒவ்வொன்றும் புத்தகத்தில் இருந்தது. புத்தகம் சொன்ன காரணம் மட்டும் ஓட்டலில் இல்லை. குறை கேட்கப் பெட்டி இருந்தது, கேட்கிற ஆள் இல்லை. பெட்டியில் போட்ட சீட்டுக்குப் பதில் வந்ததாக யாரும் சொல்லவில்லை. இதை அண்ணனிடம் சொன்னேன். “நீ படிச்சுச் சொல்ற, நான் தம்ளரத் தேடிட்டுச் சொல்றேன். ரெண்டும் ஒண்ணுதான் அம்மணி” என்றார்.

இப்போது 1994 பிப்ரவரிக்கு வருகிறேன்.

அந்த வாரம் சுழற்சியில் அண்ணனுக்கு ஜன்னல் வரிசை வந்திருந்தது. கைக்குழந்தைப் பருவம் தாண்டிய ஒரு பிள்ளையோடு ஒரு பெண்மணி வந்து பூரி, குருமா கேட்டார். குருமாவில் அன்று காரம் கூடுதல். “கொழந்தைக்குக் குருமா வேண்டாங்க, இட்லியும் சக்கரையும் கொண்டாறனுங்க” என்று சொல்லி அண்ணன் அப்படியே செய்தார். அந்தப் பெண்மணி போகும்போது கருத்துச் சீட்டில் நான்கு வரி எழுதினார். குழந்தைக்குக் குருமா வேண்டாம் என்று சப்ளையர் தானாகவே சொன்னார், இப்படிப்பட்டவர் இருப்பதால்தான் பிள்ளையோடு இங்கே வருகிறோம் என்பது அதன் சாரம். சீட்டை மேனேஜரின் அறைக்குக் கொண்டுபோனவரே காதர் பாய்தான். பாராட்டு வந்திருக்கிறது என்று மகிழ்ச்சியோடு கொண்டுபோனார்.

மேனேஜர் கண்ணில் பட்டது வேண்டாம் என்ற சொல். ஓட்டலின் பண்டத்தை ஓட்டல் ஊழியரே வேண்டாம் என்கிறார். ஒரு வாரத்தில் விசாரணை வைத்தார். சாட்சியாகக் காதர் பாயையும் அழைத்தார்கள். ஏழு கேள்விகள். அவற்றைக் கேள்விகள் என்று சொல்வதும் தவறு. ஒவ்வொன்றையும் அவர் ஒரு முடிவாக, நிதானமாக வாசித்தார். நீங்கள் அன்று ஜன்னல் வரிசையில் பணியில் இருந்தீர்கள். குருமா வேண்டாம் என்று வாடிக்கையாளரிடம் சொன்னீர்கள். நேற்றைய குருமா என்ற எண்ணத்தை உண்டாக்கினீர்கள். இதை வழக்கமாகவே செய்துவருகிறீர்கள். வேறு ஓட்டலுக்குப் போகும்படி தூண்டினீர்கள். நிர்வாகத்தின் புது முறைகளைப் பற்றி மற்றவர்களிடம் தாழ்வாகப் பேசினீர்கள். இவை எல்லாம் ஓட்டலின் பெயரைக் கெடுக்கும் நோக்கத்தோடு செய்தவை.

ஒவ்வொன்றின் முடிவிலும் அண்ணன் “சரிங்க” என்றார்.

கோயமுத்தூர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து வந்திருக்கும் உறவினர்களுக்காக எழுதுகிறேன். பெரியவரோ அதிகாரியோ பேசிக்கொண்டிருக்கும்போது நாம் இடையிடையே சரிங்க என்போம். காதில் விழுந்தது, மேலே சொல்லுங்கள் என்பது அதன் பொருள். பேசி முடித்ததும் நம் பேச்சைத் தொடங்குவோம். அண்ணன் அவர் முடிப்பதற்காகக் காத்திருந்தார். ஏழாவது முடிந்ததும் “இல்லீங்க, அன்னைக்கு நடந்தது என்னன்னாங்க” என்று தொடங்கினார். மேனேஜர் பேனாவை மூடிவிட்டார்.

“நீங்களே ஒத்துக்கிட்டீங்களே. அப்புறம் என்ன?”

அண்ணனுக்குப் புரியவில்லை. காதர் பாய்க்குப் புரிந்துவிட்டது.

“சார், சரிங்கன்னா ஒத்துக்கிட்டதுன்னு எந்த ஊர்லீங்க இருக்குது? அது உம் கொட்டறதுங்க சார். எங்கூட்ல கதை கேக்கற பிள்ளைகூட அப்படித்தான் சொல்லும்.”

“எழுதினது எழுதினதுதான். கையெழுத்துப் போடுங்க.”

அண்ணன் கையெழுத்துப் போட்டார். காகிதம் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது, பதில்கள் மட்டும் மேனேஜரின் பேனாவில். மறுநாள் அதன் நகலைக் கொடுத்தார்கள். சாயங்காலம் அதை என்னிடம் கொண்டுவந்து படிக்கச் சொன்னார். ஏழு வரி, ஏழுக்கும் எதிரே ஒரே சொல், தமிழில் சொன்னால்: ஒப்புக்கொண்டார்.

“ஏனுங்கண்ணா, ஓட்டலோட பேரக் கெடுக்கோணும்னு பண்ணினதா ஒத்துக்கிட்டீங்களா?”

“நானா? நான் சரிங்கன்னல்ல அம்மணி சொன்னேன்?”

“அதத்தான் இப்படி எழுதியிருக்காங்க.”

காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். “அந்த மனுசன் பேசிட்டிருக்கறப்ப நடுவுல மறிச்சுப் பேசியிருக்கோணுமா? அப்படியெல்லாம் நமக்குப் பழக்கமில்லியே கண்ணு” என்றார்.

ஊர் வழக்கு தெரியாமல் ஒருவர் ஒரு சொல்லைத் தவறாக எடுத்துக்கொண்டால் அது பிழை; மன்னித்துவிடலாம். இது அப்படி அல்ல. மை காயும் முன்பே காதர் பாய் பொருளைச் சொல்லிவிட்டார். அதன் பிறகும் அந்தச் சொல் காகிதத்தில் இருந்தது. ஐந்து வருடமாக நான் மன்னிக்காதது இதைத்தான்.

மறுபரிசீலனை கேட்டு நான் ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். தேதிவாரியாக, இரண்டு பக்கம். அண்ணன் அதைக் கொண்டுபோய்ப் பூட்டிய பெட்டியில் போட்டார்; நேரில் வாங்கமாட்டார்களாம். பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. அச்சிட்ட சீட்டு. “தங்கள் மேலான கருத்துக்கு நன்றி. மீண்டும் வருக.” வாடிக்கையாளருக்கு அனுப்பும் சீட்டையே அனுப்பியிருந்தார்கள்.

அண்ணனைக் கூடத்திலிருந்து எடுத்து, பின்கட்டில் இருந்த சரக்கறைக்கு மாற்றினார்கள். பருப்பும் உளுந்தும் நிறுத்துக் கொடுக்கும் வேலை. வாடிக்கையாளர் முகம் தெரியாத இடம். அவரைத் தேடி வந்தவர்களிடம் லீவில் இருக்கிறார் என்று சொல்லப் பழக்கியிருந்தார்கள். காதர் பாய் மட்டும் “லீவு இல்லீங்க, உள்ள பூட்டி வெச்சிருக்காங்க” என்று சொல்லி ஒரு மெமோ வாங்கினார். அடுத்த வருடம் அவர் வேலையை விட்டுக் கோட்டைமேட்டில் தேநீர்க் கடை வைத்துவிட்டார். கூட வந்துவிடும்படி அண்ணனைக் கூப்பிட்டார். அண்ணன் போகவில்லை. இப்போது போனால் காகிதத்தில் எழுதியது உண்மையாகிவிடும் என்றார். அதைத் திருத்தாமல் அந்த வாசலை விட்டு இறங்கக் கூடாது என்று ஒரு பிடிவாதம்.

நான்கரை வருடம் சரக்கறையில் இருந்தார். ஒரு நாளும் தாமதமில்லை, ஒரு நாளும் கூடுதல் விடுப்பில்லை. வருடாவருடம் முழு வருகைக்கான சான்றிதழ் கொடுத்தார்கள். நான்கு சான்றிதழ்கள் அண்ணி வீட்டில் இருக்கின்றன. பதிவேட்டைப் பார்த்தால் அந்த ஓட்டலிலேயே வேலையில் மிகுந்த ஈடுபாடு உள்ளவர் அண்ணன்தான். காய்ச்சலோடு ஓடியவர், இப்போது காய்ச்சல் இல்லாதபோதும் செருப்பை மாட்டிக்கொண்டு கணபதிப் பகுதியில் இருந்த வீட்டு வாசலிலேயே பத்து நிமிடம் நிற்பார். ‘என்ற வரிசை’ என்ற பேச்சு இல்லை. உளுந்தில் கல் கிடந்தால் கிடக்கட்டும் என்று நிறுத்துக் கொடுத்ததாக ஒருநாள் அவரே சொன்னார். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அண்ணனின் வாழ்க்கையில் நான் எழுத விரும்பாத வரி இது ஒன்றுதான். எழுதிவிட்டேன்.

1998 ஆகஸ்டில் சரக்கறையிலேயே நெஞ்சுவலி வந்தது. மருத்துவமனையில் பதினெட்டு நாள். காதர் பாய் கடையை மூடிவிட்டுத் தினமும் வந்தார். பதினாறாம் நாள் மாலை அண்ணன் என் கையைப் பிடித்துக் கேட்டார்:

“அந்தக் காயிதத்த மாத்திக் குடுப்பாங்களா அம்மணி?”

“குடுப்பாங்கண்ணா. நான் வாங்கியாறேன்.”

“புள்ளைக்கு நாளைக்கு மாப்பிள்ளை பாக்க வாரவீங்க ஓட்டல்ல போயி விசாரிப்பாங்க. உங்கப்பன் ஓட்டல் பேரக் கெடுத்துப்போட்டான்னு அவ காதுல உழுகக் கூடாது.”

இரண்டாம் நாள் போய்விட்டார். வயது நாற்பத்தாறு.

காரியங்கள் முடிந்ததும் ஓட்டலுக்குப் போனேன். பழைய மேனேஜர் வேறு ஊருக்குப் போய் இரண்டு வருடம் ஆகிவிட்டது. அந்த நாற்காலிக்கு இப்போது மனிதவள மேலாளர் என்று பெயர். உட்கார்ந்திருந்தவர் மிக மரியாதையாகப் பேசினார். “பழைய ஃபைல்ல கை வெக்க முடியாதுங்க மேடம்” என்றார். நான்கு முறை போனேன். நான்கு முறையும் காபி கொடுத்தார்கள்.

சென்ற மாதம் அங்கிருந்து ஒரு கடிதம் வந்தது. நினைவு மலர் வெளியிடுவதாக அறிந்தோம், எங்கள் குடும்பத்தில் ஒருவராக இருபத்தெட்டு ஆண்டுகள் உழைத்தவர், இத்துடன் இரங்கல் செய்தி இணைத்துள்ளோம், முதல் பக்கத்தில் வெளியிடவும் என்று இருந்தது. விசாரணைக் குறிப்பைத் திருத்திக் கொடுங்கள், வெளியிடுகிறோம் என்று பதிவுத் தபாலில் எழுதினேன். பதில் இல்லை. அண்ணியிடம் கேட்டேன். முறத்திலிருந்த அரிசியை விட்டுத் தலையை நிமிர்த்தாமல் சொன்னார்கள்: “அவிய எழுதுனது அவியகிட்டயே இருக்கட்டும் அம்மணி. நடந்தத நீ எழுதிப்போடு.” அந்தச் செய்திக்காகக் கேட்ட பக்கத்தில்தான் இப்போது நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். பதினெட்டு நாளும் முகம் சுளிக்காத மருத்துவமனைச் செவிலியர்களுக்கு. வண்டி கொடுத்த கணபதி தெருக்காரர்களுக்கு. இறுதி நாளில் பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து வேலையை விட்டுவிட்டு வந்த பட்டறைத் தொழிலாளர்களுக்கு. கேட்க ஆள் இல்லாத அறையில் அண்ணனுக்காகப் பேசிய காதர் பாய்க்கு. கருத்துச் சீட்டு எழுதிய அந்தப் பெண்மணியின் பெயர் எங்களுக்குத் தெரியாது. அம்மா, உங்கள் சீட்டால் வந்த வினை என்று அண்ணன் ஒருநாளும் சொன்னதில்லை. நீங்கள் எழுதிய நான்கு வரியைக் காதர் பாய் வாயால் அடிக்கடி சொல்லச் சொல்லிக் கேட்பார்.

இனி எஞ்சியிருப்பது அண்ணன் என்னிடம் கேட்ட ஒரே வேலை. ஓட்டல் செய்யாததை இந்த மலரில் செய்கிறேன். நாளை அண்ணன் மகளைப் பெண் கேட்டு வருகிறவர்களும் இதைப் படிக்கட்டும்.

பிழை திருத்தம்: 1994 பிப்ரவரி மாத விசாரணைக் குறிப்பில் முதல் இரண்டு வரிகளில் திருத்தம் இல்லை, அண்ணன் அன்று ஜன்னல் வரிசையில் இருந்தார், குழந்தைக்குக் குருமா வேண்டாம் என்றும் சொன்னார். மூன்று முதல் ஏழு வரையுள்ள வரிகளில் ‘ஒப்புக்கொண்டார்’ என்று இருப்பதை ‘குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்’ என்று திருத்தி வாசிக்கவும்.

தங்கை,
கணபதி, கோவை.